கரும்புக்குள் இருக்கும் சமாதி: தென்னாப்பிரிக்க நேட்டாலில் தனியார் பண்ணைக்குள் போய் மூதாதையரைக் கும்பிட்டு வர ஒரு முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை காலை. மூன்று கார், பதினான்கு பேர், ஒரு கூடை சாமந்தி, இரண்டு தூக்குப் பாத்திரம் நிறையப் படையல் சோறு. கரும்புத் தோட்டத்து கேட்டுக்கு வெளியே நின்று, உள்ளே இருக்கும் கொள்ளுத் தாத்தாவின் சமாதிக்குப் போக வேண்டும் என்று காவலாளியிடம் வாதாடுகிறார்கள். அவருக்குச் சமாதி இருப்பதும் தெரியாது, வந்திருப்பவர்கள் யார் என்பதும் தெரியாது. யாரையும் உள்ளே விடக்கூடாது என்ற உத்தரவு ஒன்றுதான் அவருக்குத் தெரியும். ஒன்றரை மணி நேரம் கழித்து எல்லோரும் திரும்புகிறார்கள். சோற்றைச் சாலையோர மரநிழலில் உட்கார்ந்து நாங்களே சாப்பிட்டோம். ஆம், அந்தப் பதினான்கு பேரில் நானும் ஒருவன்.

அதன் பிறகு பல குடும்பங்களுடன் இதே வேலையாகப் போய் வந்துவிட்டேன். தோற்றுத் திரும்பியவர்கள் அனைவரும் செய்த தவறு ஒன்றுதான்: கேட்டுக்குப் போவதை முதல் வேலையாக வைத்துக்கொண்டார்கள். அது ஆறாவது அல்லது ஏழாவது வேலை. மற்றவற்றை முடித்துக்கொண்டு போனால் கேட்டில் பேச வேண்டியதே இருக்காது.

1. எது உங்கள் உரிமை, எது இல்லை

தென்னாப்பிரிக்காவில் தனியார் நிலத்துக்குள் காலாற நடக்கப் பொதுமக்களுக்குப் பொதுவான உரிமை கிடையாது. 1959ஆம் ஆண்டின் 6ஆம் எண் அத்துமீறல் சட்டப்படி, உரிமையாளரோ அங்கே சட்டப்படி இருப்பவரோ அனுமதிக்காமல், தக்க காரணமும் இல்லாமல் உள்ளே நுழைவது குற்றம். காற்று வாங்கவோ படம் பிடிக்கவோ ஒப்பந்தக் கூலிகள் குடியிருந்த பழைய பாரக்ஸைப் பார்க்கவோ போவதென்றால் அனுமதி வேண்டும்.

சமாதிக்கு மட்டும் தனி வழி இருக்கிறது. 1997ஆம் ஆண்டின் 62ஆம் எண் சட்டத்தை எல்லோரும் எஸ்டா என்பார்கள். பண்ணைகளில் குடியிருப்பவர்களின் பாதுகாப்புக்காக வந்த சட்டம் என்பதால் நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நம்மவர்கள் பலர் விட்டுவிடுகிறார்கள். அதில் பிரிவு 6(4)ஐ மட்டும் படியுங்கள். இன்னொருவருக்குச் சொந்தமான நிலத்தில் இருக்கும் தம் குடும்பச் சமாதிகளைப் பார்க்கவும் பராமரிக்கவும் எவருக்கும் உரிமை உண்டு என்கிறது அது. "குடியிருப்பவருக்கு" என்று அங்கே எழுதவில்லை, "எவருக்கும்" என்றே எழுதியிருக்கிறது. எஸ்டாவின்படி நிலத்தில் இருக்க உரிமை பெற்றவருக்குத் தக்க காரணம் இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்று அத்துமீறல் சட்டமும் சொல்கிறது.

ஆனால் வாக்கியம் அத்துடன் முடிவதில்லை. உயிரையும் உடைமையையும் காக்கவோ, நிலத்தில் நடக்கும் வேலைக்கு அளவுமீறிய இடைஞ்சல் வராமல் தடுக்கவோ, உரிமையாளரோ பொறுப்பாளரோ நியாயமான நிபந்தனை விதிக்கலாம். ஆகவே போகலாமா என்று கெஞ்ச வேண்டாம், போயே தீருவேன் என்று முறைக்கவும் வேண்டாம். என்ன நிபந்தனை என்று கேளுங்கள். இந்தக் கட்டுரையில் உள்ள மற்ற எல்லாமே அந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்பதற்கான ஏற்பாடுகள்தாம்.

தோட்டத்துக் கோயில் இந்தப் பிரிவில் வராது. பாழடைந்த மாரியம்மன் மேடைக்கு விளக்கேற்றப் போவதாக இருந்தால் அது நல்லுறவில் நடக்க வேண்டிய காரியம். கடிதத்தில் இரண்டையும் கலந்து எழுதாதீர்கள். கலந்தால் உறுதியான கோரிக்கையும் உறுதியற்றதாகத் தெரியும்.

2. முதலில் வீட்டில் இருக்கும் தாள்கள்

"குடும்பச் சமாதி" என்கிறது சட்டம். ஆகவே புதைக்கப்பட்டவர் உங்களுக்கு என்ன உறவு என்று காட்டத் தெரிய வேண்டும். நீதிமன்றத்துக்குப் போகிற மாதிரி தேவையில்லை. உங்களிடமிருந்து அவர்வரை ஒரே பக்கத்தில் ஓர் உறவுக்கோடு, ஒவ்வொரு படிக்கும் ஒரு சான்று: பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, இறப்புப் பதிவு. எது கிடைக்கிறதோ அது.

ஒப்பந்தக் கூலியாக வந்தவர் என்றால் காலனி எண்ணைத் தேடுங்கள். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு வந்த 1,52,184 பேருக்கும் ஆளுக்கொரு எண் கொடுக்கப்பட்டது. கப்பல் பட்டியலில் அந்த எண்ணோடு பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடல் அடையாளம், முதலில் யாரிடம் வேலைக்கு அனுப்பப்பட்டார் என்பதெல்லாம் இருக்கும். மூலப் பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

புதியவர்கள் இரண்டு இடங்களில் சறுக்குவார்கள். ஒன்று, பெயர். எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியதால் முருகேசன் நான்கு விதமாக இருப்பார். பெயரை விட்டு எண்ணைப் பிடித்துக்கொண்டு தேடுங்கள். இன்னொன்று, முதல் முதலாளி. பட்டியலில் இருக்கும் தோட்டம் அவர் வந்து இறங்கியபோது போன இடம். ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்ததும் மனிதர் வேறு எங்கோ போயிருப்பார். டர்பனுக்குத் தெற்கே வேலைக்குப் போனவரின் சமாதியை அங்கேயே எட்டு மாதம் தேடிய ஒரு குடும்பத்தை அறிவேன். கடைசியில் அது டர்பனுக்கு வடக்கே, ஸ்டாங்கருக்கு அப்பால் இருந்தது.

வந்து இறங்கிய தாளைவிட இறந்த தாள் முக்கியம் என்று இதனால்தான் சொல்கிறேன். இறப்புப் பதிவில் இறந்த இடம் இருக்கும், பல படிவங்களில் அடக்கம் செய்ய உத்தேசித்த இடமும் இருக்கும். நேட்டாலின் பழைய இறப்புப் பதிவுகளில் பெரும்பகுதி ஃபேமிலி சர்ச் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

தாள்களைத் தேடும்போதே வீட்டில் வயதானவர்களிடமும் உட்காருங்கள். "சமாதி எங்கே?" என்று கேட்டால் "தோட்டத்திலே" என்பதோடு முடித்துவிடுவார்கள். "அங்கே போக எந்த வழியாக நடந்தீர்கள், வெயில் எந்தப் பக்கம் அடித்தது, பக்கத்தில் என்ன மரம்?" என்று கேளுங்கள். எண்பது வயதுக்கு மேற்பட்ட ஓர் ஆயாவுக்குத் தோட்டத்தின் பெயரே நினைவில்லை. ஆனால் "மில் சங்கு நம் முதுகுக்குப் பின்னால் ஊதும், எதிரே ரயில் பாலம் தெரியும், நடுவில் ஒரு பலாமரம்" என்றார். அந்த மூன்றும் போதுமானதாக இருந்தன.

3. இடத்தைத் தாளிலேயே கண்டுபிடியுங்கள்

நேரில் போய்த் தேடிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். வளர்ந்த கரும்பு ஆள் உயரத்தைத் தாண்டும். பத்தடி தள்ளி நின்றாலும் சமாதி தெரியாது. எங்கே என்று சொல்லத் தெரியாதவரை எந்த மேலாளரும் வயலுக்குள் சுற்ற விடமாட்டார்.

தேசிய புவியிட அமைப்பு வெளியிடும் 1:50,000 அளவு வரைபடத்தில் தொடங்குங்கள். பல சமாதிகள் அதில் குறிக்கப்பட்டிருக்கும், பல குறிக்கப்பட்டிருக்காது. பிறகு அதே அமைப்பிடம் இருக்கும் பழைய வான்படங்களைக் கேளுங்கள். 1930களில் தொடங்கி எடுத்தவை. இன்று ஒரே பச்சையாகத் தெரியும் இடத்தில் பாரக்ஸின் நீண்ட கூரைகள், கோயில், அவற்றிலிருந்து கொஞ்சம் தள்ளி உழாமல் விட்ட ஒரு துண்டு நிலம், எல்லாம் அதில் தெரியும். அந்த உழாத துண்டுதான் உங்களுக்கு வேண்டியது.

இன்றைய செயற்கைக்கோள் படத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கரும்பு நடுவே தனியாக ஒரு மாமரத் தோப்போ நாலைந்து பெரிய மரங்களோ நின்றால், அங்கே நம்மவர்கள் குடியிருந்திருக்கலாம். வேப்பமரம் கிடைக்காத ஊரில் அம்மனுக்கு அதன் இடத்தில் வைத்த சிரிங்கா மரமும் ஓர் அடையாளம். மரத்தை மட்டும் நம்பி முடிவுகட்ட வேண்டாம், பறவையும் விதை போடும்.

தென்னாப்பிரிக்க வம்சாவளிச் சங்கத்தினர் சமாதிக் கற்களைப் படமெடுத்து இணையத்தில் தொகுத்து வைத்திருக்கிறார்கள். உங்கள் பாட்டனாரின் கல்லை யாராவது ஏற்கெனவே படம் பிடித்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை, முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

இந்தப் படி முடிந்ததற்கு அடையாளம், உங்கள் கையில் ஒரு வரைபடமும் அதில் ஒரு சிவப்பு வட்டமும் இருப்பது. வட்டம் நூறு மீட்டர் தவறாக இருந்தாலும் பாதகமில்லை.

4. நிலம் யாருடையது, யார் பொறுப்பில் இருக்கிறது

இவை இரண்டு வெவ்வேறு கேள்விகள். "உரிமையாளர் அல்லது பொறுப்பாளர்" என்று சட்டம் சொல்வதில் காரணம் இருக்கிறது. உரிமையாளர் ஒரு நிறுவனமாகவோ அறக்கட்டளையாகவோ, நில மீட்புக் கோரிக்கையில் நிலத்தைத் திரும்பப் பெற்ற சமூகமாகவோ இருக்கலாம். கரும்பு போடுபவர் குத்தகைக்காரராக இருப்பார். வயலில் என்ன நடக்கிறது என்பது அவருக்கோ மேலாளருக்கோதான் தெரியும்.

தலைமை நில அளவை அலுவலகத்தின் இணைய வரைபடத்தில் உங்கள் சிவப்பு வட்டம் எந்தப் பண்ணை எண்ணில், எந்தப் பகுதி எண்ணில் விழுகிறது என்று பாருங்கள். கூடவே பதிவுப் பிரிவின் எழுத்துகளையும் குறித்துக்கொள்ளுங்கள். கரையோரங்களில் எஃப்.யு., எஃப்.டி., இ.டி. போன்றவை வரும். ஒரே எண் வேறு பிரிவிலும் இருக்கக்கூடும் என்பதால் எழுத்து இல்லாத எண்ணுக்கு மதிப்பில்லை. இந்த மூன்றையும் கொடுத்தால் பத்திரப் பதிவு அலுவலகத்தில் சிறு கட்டணத்துக்கு உரிமையாளர் பெயர் கிடைக்கும்.

தோட்டத்தின் பேச்சுவழக்குப் பெயரைக் கொண்டு பத்திரத்தில் தேடாதீர்கள். நாம் வழிவழியாகச் சொல்லும் பெயர் முதலாளியின் பெயராகவோ மில்லின் பெயராகவோ இருக்கும். பதிவேட்டில் இருப்பது வேறு. ஊர்ப் பெயர்களும் மாறிவிட்டன: ஸ்டாங்கர் இன்று குவாடுகுசா, டோங்காட் இன்று ஓதோங்காதி.

பெயர் கிடைத்ததும் பக்கத்துக் கடையிலோ மில் அலுவலகத்திலோ "அங்கே மேலாளர் யார்?" என்று கேட்டு வையுங்கள். கடிதம் இருவருக்கும் போக வேண்டும்.

5. நாள் பார்ப்பது: பஞ்சாங்கமும் கரும்பும்

நம்மவர்கள் கேட்கும் நாள் பெரும்பாலும் ஆடி அமாவாசை, இல்லாவிட்டால் புரட்டாசியில் மகாளய அமாவாசை. இரண்டும் தோட்டக்காரருக்கு ஒத்துவராத நாள்கள். நேட்டாலில் மில் ஓடும் பருவம் ஏறக்குறைய ஏப்ரலில் தொடங்கி டிசம்பர்வரை போகும். ஆடியில் வெட்டு உச்சத்தில் இருக்கும். கரும்பு லாரிகளும் டிராக்டர்களும் ஒற்றை மண்பாதையில் விடிய விடிய ஓடும். வெட்டுமுன் வயலைக் கொளுத்துவார்கள். வறண்ட குளிர்காலம் வேறு. அப்போது சிறுவர்களும் முதியவர்களுமாக இருபது பேர் வருகிறோம் என்றால், "இடைஞ்சல்" என்ற சொல்லை அவர் தயங்காமல் பயன்படுத்துவார், அதில் நியாயமும் இருக்கும்.

தை அமாவாசையைக் கேளுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் மில் மூடியிருக்கும், லாரி ஓடாது, மழைக்காலமானதால் நெருப்புப் பயமும் குறைவு. குறைகளும் உண்டு: மண்பாதை சேறாகும், பாம்புகள் சுறுசுறுப்பாக இருக்கும், அந்த வயல் கடந்த பருவத்தில் வெட்டப்படாமல் இருந்தால் கரும்பு தலைக்கு மேல் நிற்கும்.

ஆகவே மேலாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி, "அந்த வயலை எப்போது வெட்டினீர்கள், அடுத்து எப்போது வெட்டுவீர்கள்?" என்பதுதான். வெட்டி முடிந்து, தூரிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பு முழங்கால் உயரம் வருவதற்குள் ஒரு சில வாரம் கிடைக்கும். இடத்தை முதன்முதலாகத் தேடிப் போக அதைவிட நல்ல சமயம் இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்டதும் மேலாளரின் குரல் மாறுவதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். விவசாயம் தெரிந்த ஆள் பேசுகிறார் என்று நினைத்துக்கொள்வார்.

6. கடிதம்

தொலைபேசியில் பேசி முடித்துவிடாதீர்கள். மேலாளர் மாறிவிடுவார், பேசியது காற்றோடு போகும். ஆங்கிலத்தில் ஒரே பக்கம், மின்னஞ்சலில், மூன்று நான்கு வாரம் முன்னதாக. பொருள் இப்படி இருக்கட்டும்:

"மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, உங்கள் பொறுப்பில் உள்ள இந்தப் பண்ணைப் பகுதியில், பழைய பாரக்ஸுக்கு மேற்கே, எங்கள் தாயாரின் பாட்டனார் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். இடத்தை வரைபடத்தில் குறித்து இணைத்திருக்கிறோம். 1997ஆம் ஆண்டின் எஸ்டா சட்டம், பிரிவு 6(4)இன்படி அந்தச் சமாதியைப் பார்த்துப் பராமரிக்க விரும்புகிறோம். முதலில் இரண்டு பேர் மட்டும் வந்து இடத்தை உறுதிசெய்துகொள்கிறோம். கீழே தந்துள்ள மூன்று நாள்களில் உங்களுக்கு எது வசதி? பாதுகாப்புக்கும் வேலைக்கும் இடைஞ்சல் வராமல் இருக்க நீங்கள் விதிக்கும் நிபந்தனைகளை எழுதித் தெரிவியுங்கள். வருபவர்களின் பெயர், அடையாள அட்டை எண், வண்டி எண் கீழே உள்ளன."

சட்டத்தின் பெயர் ஒரே ஒரு முறைதான் வருகிறது. இரண்டாவது முறை எழுதினால் மிரட்டல் போலிருக்கும், கடிதம் நேராக வக்கீல் மேசைக்குப் போய் ஆறு மாதம் அங்கேயே தூங்கும். ஒரே நாளைக் கேட்டால் "முடியாது" என்பது எளிது, மூன்று நாள் கொடுத்தால் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். பெயரும் வண்டி எண்ணும் ஏன் என்றால், பண்ணைகளில் நடக்கும் கொள்ளையும் கொலையும் அவர்கள் மனத்தில் எப்போதும் இருக்கின்றன. முகம் தெரியாத வண்டி என்றாலே அவர்களுக்குக் கலக்கம்தான்.

பதில் வரவில்லையென்றால் பத்து நாள் கழித்து அதே மின்னஞ்சலின் கீழேயே நினைவூட்டுங்கள். புதிய மின்னஞ்சல் வேண்டாம். பின்னால் தேவைப்பட்டால் முழு உரையாடலும் ஒரே இழையில் இருக்கும்.

7. முதல் பயணத்தில் பூசை வேண்டாம்

பெரியவர்களுக்கு இது மனக்குறையாக இருக்கும். "முதல்முறை போகும்போது வெறுங்கையோடா?" என்பார்கள். ஒரு பூவும் ஒரு ஊதுவத்தியும் கொண்டு போங்கள், ஊதுவத்தியைப் பற்றவைக்காமல் வைத்துவிட்டு வாருங்கள். முதல் பயணம் இடத்தை உறுதிசெய்ய மட்டுமே. இரண்டு பேர், கூடத் தோட்டத்து ஆள் ஒருவர்.

அந்தத் தோட்டத்து ஆளை வாய்ப்பாகக் கொள்ளுங்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த ஜூலு முதியவர்களுக்கு எந்த மேட்டில் யார் கிடக்கிறார்கள் என்பது நம்மைவிட நன்றாகத் தெரியும். "சானிபோனானி" என்று வணக்கம் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். ஒரே எச்சரிக்கை: ஜூலுவில் சமாதி என்றால் இதுனா, மேஸ்திரி என்றால் இந்துனா. "தாத்தாவின் இதுனா எங்கே?" என்று கேட்க நினைத்த என் சித்தப்பா "இந்துனா எங்கே?" என்று கேட்டுவிட்டார். ஓடிப்போய் மேஸ்திரியை அழைத்து வந்தார்கள். அந்த மேஸ்திரிக்குத்தான் இடம் தெரிந்திருந்தது என்பது எங்கள் அதிர்ஷ்டம்.

கணுக்கால் மூடும் பூட்ஸ், முழுக்கால்சட்டை, கையில் ஒரு கம்பு. கம்பு அடிக்க அல்ல, காலுக்கு முன்னால் தட்டிக்கொண்டே நடக்க. கண்ணாடிவிரியனைப் போல் தடித்த பஃப் ஆடர் விலகாமல் படுத்தே கிடக்கும், மிதித்தால் கடித்துவிடும். ம்ஃபெசி என்ற நாகம் கண்ணைக் குறிபார்த்து நஞ்சைத் துப்பும். பட்டால் கண்ணைக் கசக்காமல், நல்ல தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றிக் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதற்காகவே ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். கைப்பேசியிலிருந்து அவசர உதவிக்கு 112. வீட்டுக்கு வந்ததும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று உடம்பு முழுவதும் பார்த்துவிடுங்கள், உண்ணிக் காய்ச்சல் இந்தப் பக்கம் சாதாரணம்.

மூடியிருந்த கேட்டை மூடிவிட்டுப் போங்கள், திறந்திருந்ததைத் திறந்தபடியே விடுங்கள். வண்டியை வரப்புப் பாதையில் குறுக்கே நிறுத்தாதீர்கள். ஆளே இல்லாத பாதையில் திடீரென்று டிராக்டர் வரும்.

இடம் கிடைத்ததும் கைப்பேசியில் ஆயத்தொலைவைக் குறித்து, நான்கு பக்கமிருந்தும் படமெடுங்கள். கரும்பு திரும்ப வளர்ந்ததும் உங்கள் நினைவு ஏமாற்றும், எண் ஏமாற்றாது.

8. சமாதியில் என்ன செய்யலாம், எதைத் தொடக்கூடாது

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான், அதுவும் பாசத்தினால். உள்ளே போக அனுமதி கிடைத்ததும், ஒரு மூட்டை சிமெண்டும் பளபளக்கும் டைல்ஸும் ஒரு கொத்தனாருமாகக் கிளம்பிவிடுவார்கள்.

வேண்டாம். 1999ஆம் ஆண்டின் 25ஆம் எண் தேசியப் பாரம்பரியச் சட்டம், பிரிவு 36இன்படி, அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட, நகராட்சி நடத்தும் இடுகாட்டுக்கு வெளியே உள்ள சமாதியை அனுமதிச் சீட்டு இல்லாமல் மாற்றுவதும் சேதப்படுத்துவதும் இடம்பெயர்ப்பதும் குற்றம். தோண்டும் கருவியையும் உலோகங்காண் கருவியையும் அங்கே கொண்டுபோவதற்கே அனுமதி வேண்டும். நம் தோட்டத்துச் சமாதிகள் அநேகமாக எல்லாமே அறுபதைத் தாண்டியவை. சொந்தப் பாட்டனார்தான் என்றாலும் சட்டம் இதுதான். சாய்ந்த கல்லை நிமிர்த்துவதற்கு முன்னும், புதுக் கல் வைப்பதற்கு முன்னும், மாகாணப் பாரம்பரிய அமைப்பான குவாசுலு நேட்டால் அமாஃபா ஆய்வு நிறுவனத்துக்குப் படங்களோடு எழுதிக் கேளுங்கள்.

அனுமதி தேவைப்படாத வேலையே நிறைய இருக்கிறது. புல்லையும் செடியையும் கையால் வெட்டுங்கள், வேரோடு பிடுங்காதீர்கள். வேர் கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும், பிடுங்கினால் கல் சரியும். கல்லைத் தண்ணீராலும் மெல்லிய தூரிகையாலும் கழுவுங்கள். கம்பித் தூரிகையும் பிளீச்சும் எழுத்தைத் தின்றுவிடும். எழுத்து தெரிய வேண்டுமென்று மாவு பூசுகிறார்கள், சுண்ணாம்பு பூசுகிறார்கள், அதுவும் வேண்டாம்.

எழுத்தைப் படிக்க ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி போதும். போன ஆண்டு ஒரு கல்லில் எதுவுமே தெரியவில்லை, வெறும் பாசி படிந்த சிமெண்ட். தண்ணீர் விட்டுக் கழுவி, ஈரம் காயும் முன் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் அடித்தோம். மேலே ஒரு வேல், அதன் கீழே ஈரச் சிமெண்டில் யாரோ ஆணியால் கீறிய எழுத்து: "பெருமா". கடைசி "ள்" கல்லின் ஓரத்தில் இடமில்லாமல் கீழே இறங்கிப் படுத்திருந்தது. எழுதியவர் இடத்தைக் கணக்கிடாமல் தொடங்கியிருக்கிறார். அவருடைய பேத்தி அந்த "ள்"ஐ மட்டும் விரலால் தடவிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். டைல்ஸ் ஒட்டியிருந்தால் அது போயிருக்கும்.

பல சமாதிகளில் கல்லே இருக்காது. ஆற்றுக் கூழாங்கல் வரிசை, கவிழ்த்து நட்ட பாட்டில்கள், ஒரு மண்மேடு. குப்பை என்று பாட்டிலை அள்ளிவிடாதீர்கள். அதுதான் எல்லை.

9. கற்பூரம்

கரும்புச் சோகைமேல் விழும் ஒரு பொறி என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. 1998ஆம் ஆண்டின் 101ஆம் எண் காட்டுத்தீச் சட்டப்படி, தீ அபாயம் அதிகம் என்று அறிவிக்கப்பட்ட நாளில் திறந்தவெளியில் நெருப்பு மூட்டக்கூடாது. பூசைக்கு விதிவிலக்கு இல்லை. மேலாளரிடம் முந்தின நாள் மாலையே கேட்டுக்கொள்ளுங்கள்.

அனுமதி கிடைத்த நாளிலும் கற்பூரத்தைத் தரையில் ஏற்றாதீர்கள். ஆழமான பித்தளைத் தட்டில் இரண்டு விரல்கடை மணல், அதன் நடுவே ஒரு வில்லை. சுற்றி ஒரு மீட்டர் சோகை இல்லாமல் பெருக்கிவிடுங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், அதற்கென்றே ஒருவர், அவருக்கு வேறு வேலை கிடையாது. ஊதுவத்தியை மணல் டப்பாவில் குத்தி, கிளம்பும்போது கையோடு எடுத்துவந்துவிடுங்கள்.

படையலை இலையோடு விட்டுவிட்டு வந்தால் காக்கைக்கு முன் குரங்கு வரும், குரங்கு பழகிவிட்டால் மேலாளருக்குத் தொல்லை. வைத்துக் கும்பிட்டுவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தாவுக்குப் பிரியமான பிராந்தியை ஊற்றலாம், பாட்டிலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

10. மறுத்தால்

நிபந்தனை வேறு, மறுப்பு வேறு. இரண்டு நாள் முன் சொல்லுங்கள், பத்துப் பேருக்கு மேல் வேண்டாம், எங்கள் ஆள் கூட வருவார், வார நாளில் வாருங்கள்: இவையெல்லாம் நிபந்தனை, ஒப்புக்கொள்ளுங்கள். "எப்போதும் முடியாது" என்பது மறுப்பு. பணம் கேட்டால், அது உயிரையோ உடைமையையோ வேலையையோ எப்படிக் காக்கிறது என்று பணிவாக எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் அத்தோடு அந்தப் பேச்சு நின்றுவிடும்.

மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எழுதித் தர மாட்டார்கள் என்றால், "இன்ன தேதியில் தொலைபேசியில் இப்படிச் சொன்னீர்கள், சரிதானே?" என்று நீங்களே எழுதிவிடுங்கள். அடுத்து நிலச் சீர்திருத்தத் துறையிடம் மத்தியஸ்தர் கேட்கலாம், எஸ்டாவிலேயே அதற்கு இடமிருக்கிறது. அதற்கும் அப்பால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். வக்கீலுக்கு வசதியில்லாதவர்கள் அரசின் சட்ட உதவி அமைப்பை அணுகலாம். நான் கூடப்போனவர்களில் யாரும் நீதிமன்றம்வரை போகவில்லை. மத்தியஸ்தர் என்ற சொல் வந்ததும் தேதி கிடைத்துவிடுகிறது.

வேலியைத் தாண்டிக் குதித்து ஒருமுறை போய்வந்துவிடலாம் என்று இளைஞர்கள் சொல்வார்கள். குதிக்க முடியும்தான். ஆனால் இந்த உரிமை ஒருமுறைக்கானது அல்ல, ஆண்டுதோறும் போகிற உறவுக்கானது. ஒரு தாண்டலில் அது கெடும்.

11. தோட்டம் வீட்டுமனையாகிவிட்டால்

டர்பனுக்கு வடக்கே கரும்பு இருந்த இடங்களில் இன்று காவல் வைத்த குடியிருப்புகள். நகரியமாக அறிவிக்கப்பட்ட நிலத்துக்கு எஸ்டா பொதுவாகப் பொருந்தாது, ஆகவே 6(4) அங்கே செல்லுபடியாகாமல் போகலாம். பாரம்பரியச் சட்டம் மட்டும் அங்கேயும் சமாதியைக் காக்கும்.

5,000 சதுர மீட்டருக்கு மேல் நிலத்தின் தன்மையை மாற்றும் கட்டுமானத்துக்கு முன் பாரம்பரிய அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும், அவர்கள் கேட்டால் மதிப்பீட்டு அறிக்கையும் தர வேண்டும். அந்த அறிக்கைகள் பல சாஹ்ரிஸ் என்ற அரசு இணையத் தொகுப்பில் கிடக்கின்றன. பண்ணை எண்ணைப் போட்டுத் தேடுங்கள். சமாதிகளின் எண்ணிக்கை, படம், ஆயத்தொலைவு, அவற்றை அங்கேயே வேலி போட்டுக் காத்தார்களா அல்லது வேறிடத்துக்கு மாற்றினார்களா என்பது வரை அதில் இருக்கும். அந்தப் பக்கத்தை அச்சிட்டு, குடியிருப்போர் சங்கத்துக்கு எழுதும் கடிதத்தோடு இணையுங்கள்.

12. வந்த பிறகு

அன்று மாலையே மேலாளருக்கு இரண்டு வரி: போய்வந்தோம், கேட்டை மூடிவிட்டோம், நெருப்பு அணைந்துவிட்டது. கூடச் சுத்தம் செய்த சமாதியின் படமும் ஆயத்தொலைவும், அடுத்த முறை வயலை உழும்போது அந்த இடத்தைச் சுற்றிச் சில மீட்டர் விட்டு உழுமாறு ஒரு வேண்டுகோளும். டிராக்டர் ஓட்டுபவருக்குத் தெரியாமலேயே அழிந்த சமாதிகள் பல. அந்தப் படத்தை அமாஃபாவுக்கும் அனுப்பிவிடுங்கள்.

நான்கு மூலையிலும் வெள்ளையடித்த கம்பு நட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள். எங்கள் கொள்ளுத் தாத்தாவின் இடத்தில் மேலாளரே நட்டுக்கொடுத்தார், மேல்முனையில் சிவப்புப் பெயிண்டோடு. கரும்பு வளர்ந்துவிட்டால் அதுவும் தெரிவதில்லை. இந்தத் தையில் இன்னும் நீளமான கம்பு கொண்டுபோகிறோம்.